விளையாட்டுக்கும் வில்லங்கம் பார்க்கணும்

திருமங்கலம் பக்கத்து ஊரிலிருந்து 27 வயதுத் தம்பி ஒருவர் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பகலில் மதுரையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் வேலை. இரவில், கல்லூரித் தோழர் ஒருவரோடு சேர்ந்து மூன்று வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துவருகிறார். விற்கப்படப்போகிற வீட்டின் திண்ணையில் ஒரு பாட்டி பேத்தியோடு கடைசியாக ஒருமுறை தாயம் ஆடுகிறாள். காய் நகர நகர வீட்டின் ஒவ்வோர் அறையும், அதற்குள் இருக்கும் பழைய கதையும் திறக்கின்றன. கம்ப்யூட்டரில் ஓடும் வடிவம் முடிந்துவிட்டது. அதை நிண்டெண்டோ ஸ்விட்ச் போன்ற, கேம் ஆடுவதற்கென்றே உள்ள கன்சோல் கருவிகளில் தாங்களே வெளியிட வேண்டும் என்பது ஆசை. ஆனால் படங்களை வரைந்த மூன்றாவது நண்பர் எட்டு மாதத்துக்கு முன் மனத்தாங்கலில் விலகிவிட்டார். நாதஸ்வரம் வாசித்த பெரியவருக்கு 5,000 ரூபாய் கையில் கொடுத்ததோடு சரி, எழுத்தில் எதுவும் இல்லை. இதற்கிடையே ஒரு வெளிநாட்டு நிறுவனம், ‘கன்சோலுக்கு மாற்றும் செலவு எங்களுடையது, அது கழிந்தபின் வருமானத்தில் 40 விழுக்காடு உங்களுக்கு’ என்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது.

“இந்தியாவில் நிண்டெண்டோ கடையே இல்லை, நாம் எப்படி விற்பது? கம்பெனி பதிவு செய்யாமல் முடியாதா? தாயம் என்றால் சூதாட்டத் தடை வருமா? விலகியவனுக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா? இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா? அம்மா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த விளையாட்டு என்று கேட்கிறார்” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நம் ஊரில் இரண்டு சென்ட் இடம் வாங்குவதென்றாலும் முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. மூலப் பத்திரம் எங்கே, பங்காளி யாராவது கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறார்களா என்று துருவுவார்கள். கேமுக்கு அப்படிப் போய்ப் பார்க்க ஒரு சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது. கன்சோல் நிறுவனங்கள் உங்கள் கேமைச் சோதிக்கத்தான் செய்யும். நடுவில் நின்றுபோகிறதா, கன்ட்ரோலரைக் கழற்றினால் என்ன ஆகிறது, விளையாடிய இடம் ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறதா என்றெல்லாம் பார்க்கும். நிண்டெண்டோவில் இந்தச் சோதனைக்கு லாட்செக் என்று பெயர். ஆனால் பாட்டியின் முகத்தை வரைந்தது யார் என்று அந்தச் சோதனை கேட்காது. அதற்குப் பதிலாக உங்களிடம் ஓர் உறுதிமொழியை வாங்கிக்கொள்வார்கள்: இதில் உள்ள எல்லாவற்றுக்கும் உரிமை என்னிடம் இருக்கிறது, வேறு யாராவது உரிமை கோரி வந்தால் நஷ்டத்தை நானே ஏற்கிறேன் என்று. தானே வெளியிடுவது என்பதன் முழுப் பொருளும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது நிண்டெண்டோவோ தாயமோ இல்லை. இன்றைய நிலையில் அந்த உறுதிமொழியை உங்களால் உண்மையாகக் கொடுக்க முடியாது என்பதுதான்.

முதலில் இரண்டு பயங்களை இறக்கி வைப்போம்

நிண்டெண்டோவின் இ-ஷாப் கடை இந்தியாவுக்கென்று திறக்கப்படவில்லை என்பது சரி. ஆனால் கேமை வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது ஒன்று, செய்தவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது வேறு. புனேயில் உருவான ‘ராஜி’ என்ற கேம் 2020 ஆகஸ்டில் ஸ்விட்சில்தான் முதலில் வெளிவந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியை வைத்தே செய்யப்பட்ட ‘வெண்பா’, டொரான்டோவில் இருக்கும் சிறிய குழுவின் வேலை. 2023-இல் வந்து, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. ஆகவே திண்ணையையும் தாயக்கட்டத்தையும் வெளியூர்க்காரர்கள் ரசிப்பார்களா என்று நீங்கள் தயங்க வேண்டாம்.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். கேம் செய்பவர்களுக்கென்று நிண்டெண்டோ வைத்திருக்கும் டெவலப்பர் போர்ட்டல் என்ற இணையதளத்தில் தனிநபராகவும் பதிந்துகொள்ளலாம். மற்ற கன்சோல்களில், எக்ஸ்பாக்ஸ் 2013-இல் தொடங்கிய ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் திட்டமும், பிளேஸ்டேஷனின் பார்ட்னர்ஸ் திட்டமும் சிறு குழுக்களுக்குத் திறந்தவைதான். ஆளாளுக்கு நிபந்தனை வேறுபடும், விண்ணப்பிக்கும் அன்று படித்துக்கொள்ளுங்கள். பிரைவேட் லிமிடெட் கட்டாயம் என்று உங்களிடம் யாரோ சொன்னது தவறு.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பதிவே செய்யாவிட்டாலும், லாபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று பேசி மூன்று பேர் சேர்ந்து தொழிலை நடத்தினாலே 1932-ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டத்தின்படி அது கூட்டாண்மை என்று வாதிட இடம் உண்டு. யாருக்கு எவ்வளவு என்று பேசி வைக்காவிட்டால் எல்லாருக்கும் சம பங்கு. விலகிய நண்பர் மூன்றில் ஒரு பங்கு கேட்டு வந்தால் ‘யாருக்கு எவ்வளவு என்று ஒன்றும் பேசவில்லையே’ என்பது உங்களுக்குச் சாதகமான பதிலாக இருக்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கூட்டாண்மையில் கடனுக்கும் நஷ்டஈட்டுக்கும் ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்து வரை பொறுப்பு. உங்கள் பெயரில் இருக்கும் வீட்டு மனைவரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் நீங்களும் தோழரும் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து. அது உங்களிலிருந்து தனியான சட்ட நபர். கன்சோல் நிறுவனத்திடம் உறுதிமொழி கொடுப்பது அதுவாக இருக்கட்டும். வருமானமே இல்லாத ஆண்டிலும் இரண்டு ஆண்டுப் படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும், அந்தச் செலவு உண்டு. பயத்தோடு தூங்குவதைவிட அது குறைவு.

விலகிய நண்பர்

நோட்டீஸ் விட வேண்டாம். தயவுசெய்து விட வேண்டாம்.

காரணம் பாசம் மட்டும் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் போக்கில் செய்ததற்குத்தான் முதலாளி முதல் உரிமையாளர். உங்கள் நண்பர் சம்பளக்காரர் இல்லை. அவர் வரைந்த பாட்டி, பேத்தி, முற்றம், மாடக்குழி எல்லாம் இன்றைக்கும் சட்டப்படி அவருடையவை. “என் யோசனையைத்தானே வரைந்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த வடிவத்துக்குத்தான் உண்டு. நீங்கள் நோட்டீஸ் விட்டால் அவர் ஒரு வக்கீலைப் பார்ப்பார். அந்த வக்கீல் முதல் பத்து நிமிடத்தில் இதைத்தான் அவரிடம் சொல்வார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறு இசைத்தட்டு விவகாரத்தில் நான் இதே தவறைச் செய்தேன். கட்சிக்காரர் அவசரப்படுத்தினார், நானும் கடுமையாக ஒரு நோட்டீஸ் எழுதினேன். அதுவரை இரண்டாயிரம் ரூபாய்க்கும் ஒரு மன்னிப்புக்கும் இறங்கி வரத் தயாராக இருந்த மனிதர், அதன்பின் ஒன்றரை வருடம் பேசவே மறுத்துவிட்டார். இன்றும் அது எனக்கு உறுத்தல்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தோழரையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். முதல் சந்திப்பில் காகிதம் எதையும் எடுக்காதீர்கள். அவர் வரைந்ததற்கு மதிப்பு உண்டு என்று சொல்லிவிட்டு, என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். ஒரு தொகையோ, வருமானத்தில் ஒரு சிறு விழுக்காடோ, இரண்டும் சேர்த்தோ பேசி முடிக்கலாம். பேசி முடித்தபின் எழுதும் பத்திரத்தில் சில விஷயங்கள் விடுபடக்கூடாது. எந்தெந்தப் படங்கள் என்ற பட்டியல் வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் விற்காத கடைக்கு, இந்தியாவுக்கு மட்டுமான உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஆகவே உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும் என்று எழுதுங்கள். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது திரும்பிப் போய்விடும் என்றும் ஒரு விதி இருக்கிறது. கேம்கள் சொன்ன தேதியில் வருவது அரிது, எனவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று தனியாக ஒரு வரி வேண்டும். கூட்டாண்மை என்ற வகையில் தனக்குப் பங்கு எதுவும் பாக்கி இல்லை என்றும் அவர் எழுதித் தரட்டும். இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதையும் எழுதுங்கள். பணத்தைவிட அந்த ஒரு வரிக்காகத்தான் பலர் மனம் இளகுகிறார்கள்.

அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டால், படங்களைப் புதிதாக வரையச் செய்வதுதான் வழி. பழைய படத்தை அடியில் வைத்து நகலெடுக்கும் வேலை உதவாது.

பெரியவரின் நாதஸ்வரம்

மல்லாரி என்ற கோயில் புறப்பாட்டு இசை மரபானது, யாருக்கும் தனிச் சொத்து இல்லை. அவர் வாசித்த அந்த வாசிப்பு மட்டும் அவருடையது. நிகழ்த்துக் கலைஞருக்கு அவரது நிகழ்த்தலின்மேல் 50 வருட உரிமையைச் சட்டம் தருகிறது. 5,000 ரூபாய் கொடுத்தது வாசித்ததற்கான கூலி. உலகம் முழுக்க ஒரு கேமுக்குள் அதை விற்க அவர் சம்மதித்தார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. சம்மதக் கடிதத்தைத் தமிழில், அவருக்குப் புரிகிற மொழியில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் பணமும் கொடுங்கள். போகும்போது கேமையும் எடுத்துப்போய், எந்த அறை திறக்கும்போது அவருடைய வாசிப்பு கேட்கிறது என்று காட்டுங்கள்.

இதே வரிசையில் தமிழ் எழுத்துருவையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கவனிக்காத விஷயம் அது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துரு எல்லாம் ஒரு விற்பனைப் பொருளுக்குள் வைக்க அனுமதிக்கப்பட்டவை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போல, திறந்த உரிமத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

வந்திருக்கும் ஒப்பந்தம்

கேம் செய்ய உதவும் கோடோ எஞ்சின் என்ற மென்பொருளில் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது இலவசம், திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் கன்சோல் நிறுவனங்களின் கருவிகள் ரகசிய ஒப்பந்தத்துக்குள் இருப்பதால், அந்த எஞ்சினின் திறந்த வடிவத்துக்குள் கன்சோலுக்கு மாற்றும் பகுதியைச் சேர்க்க முடியாது. பெரும்பாலும் அதற்கென்று இருக்கும் நிறுவனங்களிடம் காசு கொடுத்துத்தான் மாற்றுகிறார்கள். ஆகவே ஒரு நிறுவனம் அந்தச் செலவை ஏற்கிறது என்றால் அது உண்மையான உதவிதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பக்கங்களில் நான்காவது பிரிவைப் பாருங்கள். கேமை வெளியிட உரிமம் தருகிறேன் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கேமின் எல்லா உரிமைகளையும், அதன் பாத்திரங்களையும், இனி வரும் தொடர்ச்சிகளையும் நிரந்தரமாக மாற்றிக் கொடுக்கிறேன் என்று இருக்கிறது. ஊர் வழக்கில் சொன்னால், நீங்கள் வீட்டைக் குத்தகைக்கு விடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கையில் இருப்பதோ கிரயப் பத்திரம். 40 விழுக்காடு போதுமா போதாதா என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது இது. உரிமை உங்களிடமே இருக்கும், அவர்களுக்குக் கன்சோல் வடிவத்தை மட்டும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு விற்கும் உரிமம். செலவு கழிந்தபின் என்றால் எந்தச் செலவு? அதற்கு ஓர் உச்சத் தொகை வேண்டும், விளம்பரம் என்ற பெயரில் தினமும் வளரக்கூடாது. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கும், அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையும் வேண்டும். சொன்ன காலத்துக்குள் வெளியிடாவிட்டால் எல்லாம் உங்களிடம் திரும்பி வர வேண்டும். தகராறு வந்தால் எந்த ஊரில் தீர்ப்பது என்ற பிரிவையும் கவனியுங்கள். ஒரு வெளிநாட்டு நகரத்தில் நடுவர் மன்றம் என்றால், அங்கே வழக்காடும் செலவு உங்கள் கேம் சம்பாதிப்பதைவிட அதிகமாகப் போகலாம்.

இதற்கு அவர்கள் ஒப்பாவிட்டால் நடுவழி ஒன்று இருக்கிறது. மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு நிலையான தொகை பேசிக் கொடுத்துவிட்டு, வெளியீட்டாளராக உங்கள் எல்எல்பி பெயரையே போடுவது. பணம் திரட்ட ஆறு மாதம் ஒரு வருடம் ஆகலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஒரு வருடம் காத்திருப்பேன்.

தாயம் சூதாட்டமா?

இல்லை. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது, பணமோ பணயமோ கட்டி, பதிலுக்குப் பணம் வெல்லலாம் என்ற எதிர்பார்ப்போடு ஆடுவதை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, பாட்டியோடு காய் நகர்த்துவது அதில் வராது. வென்றால் பரிசுத் தொகை, காசாக மாற்றிக்கொள்ளும் நாணயம் என்று எதையும் பின்னாளில் சேர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

எச்சரிக்கை வேறொரு பக்கம் இருக்கிறது. வயதுச் சான்றுக்கு நம் ஊர்த் திரைப்படத் தணிக்கை மாதிரி ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் கேள்வித்தாளை நீங்களே நிரப்ப வேண்டும். பதில்களின்படி ஐரோப்பாவுக்கு ஒன்று, வட அமெரிக்காவுக்கு ஒன்று என்று சான்றுகள் வரும். அதில் சூதாட்டச் சாயல் உண்டா என்ற கேள்வி வரும். பலாட்ரோ என்ற சீட்டு கேமில் பணம் கட்டி ஆடுவது எதுவுமில்லை. போக்கர் என்ற சூதாட்டத்தின் சீட்டுச் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி சேர்ப்பதுதான் ஆட்டம். அதற்கே 2024 மார்ச்சில் சான்று திடீரென்று 3 வயதிலிருந்து 18-க்கு மாற்றப்பட்டு, சில நாடுகளின் கடைகளிலிருந்து தற்காலிகமாக இறக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025-இல்தான் ஐரோப்பியச் சான்று 12 ஆகக் குறைந்தது. உங்கள் கதையில் தாத்தா சாவடியில் காசு வைத்து ஆடித் தோற்கும் அறை ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் பதில் எழுதுங்கள், அந்தக் காட்சியின் வீடியோவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு அந்த அறை வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது.

பணம் வரும் வழி

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 டாலருக்கு ஒரு பிரதி விற்றால், கடையின் பங்கு வழக்கமாகச் சொல்லப்படும் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மீதி 7 டாலர். அமெரிக்காவில் விற்ற பிரதி என்றால் அதில் வரி பிடிப்பார்கள். நீங்கள் எந்தப் படிவமும் கொடுக்காவிட்டால் 30 விழுக்காடு, கையில் 4.90. இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி ராயல்டிக்கு 15 விழுக்காடுதான் என்று படிவத்தில் கோரினால் 5.95. தனியாள் என்றால் அந்தப் படிவம் டபிள்யூ-8பென், நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென்-இ. பான் எண்ணையே வரி எண்ணாகக் கொடுக்கலாம். அங்கே பிடித்த வரியை இங்கே உங்கள் வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு, ஆடிட்டரிடம் முதல் வருடமே சொல்லிவிடுங்கள். பான், வங்கிக் கணக்கு, போர்ட்டல் மூன்றிலும் பெயர் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். நம் இனிஷியல் குழப்பத்தால் பணம் நிற்பது உண்டு.

ஜிஎஸ்டிக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவைப்படாது. தாண்டினாலும் சேவை ஏற்றுமதி என்று தகுதி பெற்றால் வரி பூஜ்ஜியம்தான்.

இன்னொன்று, மிகச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்: கல்லூரிக் கருத்தரங்கில் டெவலப்பர் போர்ட்டலின் உள்பக்கங்களை ஸ்லைடாகக் காட்டினேன் என்று. பதிவு செய்தபோதே நீங்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தத்துக்குச் சம்மதித்திருக்கிறீர்கள். அந்த ஸ்லைடுகளைக் கல்லூரியிடம் சொல்லி நீக்கச் செய்து, நீக்கியதற்கு ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். இப்படி நேர்ந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். வேலையை விட வேண்டாம் என்று அவர் சொல்வது நியாயம், நானும் அதையே சொல்கிறேன். ஆனால் அந்த வேலையே இதில் கடைசி வில்லங்கமாகவும் இருக்கலாம். வீட்டில், சொந்த லேப்டாப்பில், வேலை நேரத்துக்கு வெளியே செய்தது பொதுவாக முதலாளிக்குச் சேராது. ஆனால் பணியில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று சில நியமனக் கடிதங்களில் எழுதியிருப்பார்கள். எல்எல்பியில் பங்குதாரராக ஆவதற்கு முன்அனுமதி கேட்பவையும் உண்டு. உங்கள் நியமனக் கடிதத்தை, பின்னிணைப்புகளையும் சேர்த்து, எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்தபின் அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.